ஏரியின் வரவு செலவுக் கணக்கு

பேராறு எதுவும் பெங்களூருவை ஒட்டி ஓடவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முகட்டின் மீது அந்நகரம் அமைந்துள்ளது. அங்குப் பெய்யும் மழைநீர் மேற்கே அர்க்காவதி வழியாகக் காவிரியையும், கிழக்கே தென்பெண்ணையையும் நாடிச் செல்கிறது. இந்நீரை இடைவழியில் தேக்கிப் பயன்கொள்ளவே முன்னோர் சரிவுகள்தோறும் ஏரிகளை அமைத்தனர். மேல் ஏரி நிறைந்ததும் கலிங்கில் வழியும் நீர், வாய்க்கால் வழியே அடுத்த ஏரியை அடையும். பாசனத்திற்கும் குடிநீருக்கும் மீன்வளத்திற்கும் ஆதாரமாயிருந்த இச்சங்கிலியின் பெரிய கண்ணிகளுள் ஒன்று பெள்ளந்தூர் ஏரி.

2017 பிப்ரவரியில் அவ்வேரியில் தீப்பற்றியது. 2015-லும் 2018-லும் அங்குத் தீ மூண்டதுண்டு. நீர்நிலை எவ்வாறு எரியும்? விடை காண வேண்டுமாயின், ஓர் ஏரி இயங்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

ஆற்றல் செல்லும், பொருள் சுழலும்

உயிரினங்களும் அவற்றைச் சூழ்ந்த நீர், மண், காற்று, ஒளி ஆகியவையும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் அமைப்பே சூழ்நிலை மண்டலம் எனப்படும். இக்கருத்துக்கு 1935-ல் பெயர் சூட்டியவர் ஆங்கிலேயத் தாவரவியலறிஞர் டான்ஸ்லி. ஏரியில் பாசிகளும் நீர்த்தாவரங்களும் கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு ஆக்குகின்றன. அவற்றைச் சிறு நீருயிர்களும், அச்சிற்றுயிர்களை மீன்களும், மீன்களைக் கொக்கும் நீர்க்காகமும் உண்கின்றன. மடிந்தவற்றைப் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் சிதைத்து மீண்டும் நீரில் சேர்க்கின்றன.

இதில் இருவகைப் போக்குகள் உள்ளன. ஆற்றல் ஒரு திசையில் மட்டுமே செல்கிறது. ஒவ்வொரு படியிலும் அதன் பெரும்பகுதி வெப்பமாக வெளியேற, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அடுத்த படியை எட்டுகிறது. பொருளோ அழிவதில்லை, உருமாறிச் சுழல்கிறது. நைட்ரஜனில் ஒரு பகுதி பாக்டீரியாக்களின் செயலால் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். பாஸ்பரசுக்கு அவ்வழியும் இல்லை. நீரோடு வழிந்து செல்லாத பாஸ்பரஸ், எவரேனும் அள்ளி வெளியேற்றும் வரை ஏரியிலேயே தங்கும். பெள்ளந்தூரின் துன்பம் இந்த உண்மையில் அடங்கியுள்ளது.

வரவு மிகுந்தபோது

நகரம் விரிவடைய, பல்லாண்டுகளாகக் கழிவுநீர் அவ்வேரியில் வந்து விழுந்தது. மலக்கழிவும் சலவைத் தூளும் பாஸ்பரசைச் சுமந்து வந்தன. ஒரு கிலோ பாஸ்பரசைக் கொண்டு நூறு கிலோவுக்கும் மேற்பட்ட பாசி, உலர்ந்த எடையில், உருவாக இயலும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத் தாமரையும் பல்கி நீர்ப்பரப்பை மூடியது. ஒளி தடைப்பட்டது. மடிந்த தாவரங்களைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்திருந்த பிராணவாயுவைத் தீர்த்துவிட, மீன்கள் வாழ இயலவில்லை. பிராணவாயு அற்ற சேற்றிலோ வேறுவகை நுண்ணுயிர்கள் பெருகி, எரியக்கூடிய மீத்தேனை வெளியிடுகின்றன. காய்ந்த களைகளும் கொட்டப்பட்ட குப்பையும் சேர்ந்தால், தீக்கு வேண்டியவை யாவும் அங்கேயே அமைந்துவிடுகின்றன. தேங்கிய சலவைப் பொருள்கள் கலிங்கில் விழுந்து கலக்கப்படும்போது நுரையாகப் பொங்கிச் சாலை வரை பறந்தன.

கேடு அங்கு நிற்பதில்லை. பெள்ளந்தூரின் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகேயுள்ள கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அணையிலிருந்து திறந்துவிடும் நீரில் நுரை மிதப்பதைக் கிருஷ்ணகிரி மாவட்ட உழவர் பலமுறை கண்டுள்ளனர். மேட்டிலுள்ள நகரின் செலவு, பள்ளத்திலுள்ள உழவரின் கணக்கில் ஏறுகிறது.

ஜக்கூர் காட்டும் வழி

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துவிட்டால் போதுமென எண்ணுவது இயல்பு. ஆனால் வழக்கமான சுத்திகரிப்பு முறை அழுகும் பொருளைப் பெருமளவு நீக்கினாலும், நைட்ரஜனையும் பாஸ்பரசையும் முழுமையாக நீக்குவதில்லை. நகரின் வடபகுதியிலுள்ள ஜக்கூர் ஏரியில் வேறோர் ஏற்பாடு செய்யப்பட்டது. நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் திறனுடன் தொடங்கிய சுத்திகரிப்பு நிலையத்தின் நீர், நேரே ஏரிக்குள் விடப்படாமல், சம்பு முதலிய தாவரங்கள் அடர்ந்த சதுப்பு நிலத்தின் ஊடே செலுத்தப்பட்டது. அங்கு நீரின் வேகம் தணிந்து வண்டல் படிகிறது. வேர்களைப் பற்றி வாழும் நுண்ணுயிர்கள் எஞ்சிய அழுக்கைச் சிதைக்க, தாவரங்கள் ஊட்டப் பொருள்களை உறிஞ்சுகின்றன.

ஆயினும் பணி அத்துடன் முடிவதில்லை. வளர்ந்த தாவரத்தை அறுத்து அகற்றாவிடில் அது மடிந்து, உறிஞ்சியதைத் திருப்பித் தந்துவிடும். கால்நடைக்கு அறுக்கும் தீவனமும் மீனவர் பிடிக்கும் மீனும், ஏரிக்கணக்கில் செலவாக அமைந்து சமநிலையைக் காக்கின்றன. சதுப்பு நிலத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அதன் திறனுக்கு மேல் கழிவுநீர் வருமாயின் அதுவும் தோற்கும்.

நிர்வாகத்தின் கடமை

2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பெள்ளந்தூர் முதலிய ஏரிகளின் சீரமைப்புக்கு 500 கோடி ரூபாயை ஒதுக்கி வைக்குமாறு கர்நாடக அரசுக்கு ஆணையிட்டது. பின்னர்த் தூர் வாரும் பணியும் மேற்கொள்ளப்பட்டது. தூர் வாருதல் தேங்கிய இருப்பைக் குறைக்குமேயன்றி, அன்றாட வரவை நிறுத்தாது. ஆதலால் எந்த ஏரியைச் சீரமைக்கும் அலுவலரும் கரையின் அழகையும் நடைபாதையையும் எண்ணுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும்: ஏரிக்குள் நாள்தோறும் வருவது என்ன? அதிலிருந்து வெளியேற்றப்படுவது என்ன? வழியும் நீரைப் பயன்படுத்துவோர் யாவர்? இம்மூன்றையும் அறியாமல் செய்யும் செலவு, அடுத்த ஆண்டும் அதே சேற்றை அள்ளவே பயன்படும்.