பள்ளியில் ‘கவுன்சலர்’ இருக்கிறாரா? அவர் வேலை என்ன, எது அவர் வேலை இல்லை?

ஒன்பதாம் வகுப்பு வரை கலகலவென்று இருந்த மாணவி. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் அடிக்கடி லீவு போடுகிறார். வகுப்புக்கு வந்தாலும் யாரிடமும் பேசுவதில்லை. டிபன் பாக்ஸ் திறக்காமலேயே வீட்டுக்குத் திரும்புகிறது. “கவனமே இல்ல” என்கிறார் கணக்கு டீச்சர். “எல்லாம் அந்த போன் பண்ற வேலை” என்கிறார்கள் வீட்டில்.

இப்படி ஒரு பிள்ளை எந்தப் பள்ளியிலும் இருக்கலாம். டீச்சர் சொல்வதும் வீட்டில் சொல்வதும் சரியாக இருக்கலாம், இரண்டுமே தவறாகவும் இருக்கலாம். ‘என்ன ஆச்சும்மா?’ என்று உட்கார்ந்து கேட்க அந்தப் பள்ளியில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

இனி இது பள்ளியின் விருப்பத்தைப் பொறுத்த விஷயம் இல்லை. சட்டப்படியான கடமை.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவி 2023-ல் உயிரிழந்த வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், 2025 ஜூலை 25 அன்று நாடு முழுவதற்குமான 15 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி எல்லாவற்றுக்கும் இவை பொருந்தும். இதற்கெனத் தனிச் சட்டம் வரும்வரை இவையே சட்டம்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தனர். நீதிமன்றம் சுட்டிக்காட்டிய எண்ணிக்கை இது.

வழிகாட்டுதல்களில் முக்கியமானது: 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனம், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் குறைந்தது ஒருவரையாவது நியமிக்க வேண்டும். நூறுக்கும் குறைவு என்றால், வெளியே உள்ள மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். தேர்வுக் காலத்தில் சிறு சிறு குழுக்களாக மாணவர்களைப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வழிகாட்டி இருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து வகுப்பு பிரிப்பதும், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவதும் கூடாது.

யார் யார், என்ன வேலை?

பேச்சு வழக்கில் எல்லோருமே ‘கவுன்சலர்’தான். ஆனால் வேலைகள் வேறு வேறு.

பள்ளி ஆலோசகர்: பெரும்பாலும் உளவியலில் முதுகலை படித்தவர். பரீட்சை பயம், நண்பர்களோடு சண்டை, கேலி கிண்டல், வீட்டுப் பிரச்சினை, அடுத்து என்ன படிப்பது என்ற குழப்பம் என எதைப் பற்றியும் மாணவர் இவரிடம் பேசலாம். இவர் மருந்து எழுதித் தர மாட்டார்.

மருத்துவ உளவியலாளர்: மனநலப் பிரச்சினை இருக்கிறதா என்று முறையான சோதனைகள் மூலம் கண்டறிந்து, பேச்சு வழியிலான சிகிச்சை தருபவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

மனநல மருத்துவர்: எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை தேவையா, இல்லையா என்பதை முடிவு செய்பவர் இவர்தான்.

சிறப்பாசிரியர்: வாசிப்பதில், எழுதுவதில், கணக்கில் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு உதவுபவர். ‘சோம்பேறி’ என்று திட்டு வாங்கும் பல பிள்ளைகளுக்கு உண்மையில் தேவைப்படுவது இவரைத்தான்.

சமூகப் பணியாளர்: பிரச்சினையின் வேர் வீட்டில் இருந்தால் அங்கே போய்ப் பார்ப்பவர். அப்பாவின் குடி, வறுமை, பள்ளியை விட்டு நிறுத்தும் முயற்சி, குழந்தைத் திருமணம் போன்றவற்றில் அரசுத் துறைகளோடு குடும்பத்தை இணைத்துவிடுவார்.

டீச்சரே பேசினால் போதாதா?

முதலில் கவனிப்பது வகுப்பாசிரியர்தான். அந்த இடத்தை வேறு யாராலும் நிரப்ப முடியாது. அதனால்தான் ஆண்டுக்கு இரண்டு முறையாவது எல்லா ஊழியர்களுக்கும் இது குறித்துப் பயிற்சி தர வேண்டும் என்கிறது தீர்ப்பு. மாற்றத்தைக் கவனிப்பது, கனிவாக விசாரிப்பது, உரியவரிடம் அனுப்புவது வரைதான் ஆசிரியரின் பங்கு.

ஒரே ஆசிரியர் பாடமும் நடத்தி, மார்க்கும் போட்டு, கவுன்சலராகவும் இருந்தால் சிக்கல்தான். தனக்கு மார்க் போடுபவரிடம் ஒரு பிள்ளை எந்த அளவுக்கு மனம் திறக்கும்? விளையாட்டு ஆசிரியரையோ நூலகரையோ பெயருக்குக் ‘கவுன்சலர்’ ஆக்குவதும் தீர்ப்பு கேட்பது அல்ல. பயிற்சி பெற்ற ஆள் வேண்டும் என்பதே அதன் சாரம்.

எண்ணிக்கையும் முக்கியம். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. அங்கேயே பல மாநிலங்கள் அதை எட்டவில்லை. இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒருவர் மட்டும் இருந்தால், பெரிய பிரச்சினை வெடித்த பிறகுதான் அவரால் உள்ளே வர முடியும்.

சொன்னதை வீட்டில் சொல்லிவிடுவாரா?

மாணவர்களின் பெரிய பயம் இதுதான். பொதுவான விதி, சொல்லக் கூடாது. ஆசிரியர்கள் அறையில் பேசுபொருளாகவும் ஆக்கக் கூடாது. ஆனால் ரகசியத்துக்கு எல்லை உண்டு. மாணவர் தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து இருந்தால், பாதுகாப்புக்குத் தேவையானவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி காவல்துறைக்குத் தகவல் தருவது கட்டாயம். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ‘ஸ்கூல் பேரு கெட்டுடும்’ என்பது சட்டத்தின் முன் காரணமே ஆகாது.

நல்ல ஆலோசகர் இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவார். பின்னால் ‘ஏமாத்திட்டாங்க’ என்று அந்தப் பிள்ளை நினைக்கக் கூடாது இல்லையா?

தமிழ்நாட்டில் என்ன இருக்கிறது?

சுமார் 37 ஆயிரம் அரசுப் பள்ளிகள் உள்ள மாநிலம் இது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் நூறு பிள்ளைகள்கூட இல்லை. அங்கே முழுநேர ஆலோசகரை எதிர்பார்க்க முடியாது. மாவட்ட மனநலத் திட்டக் குழுவோடும், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவோடும் அந்தப் பள்ளிக்கு உயிருள்ள தொடர்பு இருக்கிறதா என்பதே அங்கு கேட்க வேண்டிய கேள்வி. பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திறந்து, படித்து, நடவடிக்கை எடுத்தால்தான் அதனால் பயன்.

சிபிஎஸ்இ பள்ளிகளைப் பொறுத்தவரை, இடைநிலை, மேல்நிலை வகுப்புகளுக்கு ஆலோசகர் வேண்டும் என்பது இணைப்பு விதிகளிலேயே இருக்கிறது.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கோடு சேர்த்து நான்கு கேள்விகளையும் கேட்கலாம். ஆலோசகர் யார், என்ன படித்திருக்கிறார்? வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? பிள்ளை யாரிடமும் அனுமதி கேட்காமல் அவரைப் பார்க்க முடியுமா? உதவி எண்கள் எங்கே ஒட்டப்பட்டிருக்கின்றன?

பள்ளியிலிருந்து ‘கவுன்சலரைப் பாருங்க’ என்று சொன்னால், “எம் புள்ள என்ன பைத்தியமா?” என்று கோபப்படும் வீடுகள் இன்னும் உண்டு. காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போவது போலத்தான் இதுவும். பல பிள்ளைகளுக்குச் சில சந்திப்புகளே போதும். தொடக்கத்தில் சொன்ன மாணவிக்கும் அப்படியே இருக்கலாம். ஆனால் அந்த டிபன் பாக்ஸ் திறக்கப்படவில்லை என்பதை முதலில் யாராவது கவனித்திருக்க வேண்டும்.

உதவி தேவையா? தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வி உதவி எண் 14417.