கத்தரித் தோட்ட வேலியில் ஆவரசு வளர்த்தல்

கத்தரிச் செடிகள் நன்றாகப் பூத்தும், பூக்களிற் பெரும்பகுதி காயாகாமல் உதிர்வதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். பசளையும் நீரும் குறைவின்றியிருந்தும் இவ்வாறு நேரின், காரணம் மண்ணில் அன்றி வேலியில் இருத்தலுங் கூடும். வேலியோரப் பற்றைகளை அடியோடு அழித்த இடங்களிற் கத்தரிப் பூவுக்கு உதவும் வண்டுகள் தங்குவதில்லை. அவ்வண்டுகளைத் தோட்டத்தருகே நிறுத்த வல்ல செடிகளுள் ஆவரசு சிறந்தது.

கத்தரிப் பூவும் கருவண்டும்

கத்தரிப் பூவின் மகரந்தப் பைகள் பிற பூக்களிற் போல நெடுக வெடித்து மகரந்தத்தைச் சொரிவதில்லை. ஒவ்வொரு பையின் நுனியிலும் நுண்ணிய துளை உண்டு. மூடியில் துளையுள்ள பவுடர்ப் பேணியைக் குலுக்கினாலன்றி மா விழாதது போல, பூ அதிர்ந்தாலன்றி மகரந்தம் வெளிவராது. காற்று இதனை ஓரளவு செய்யும். நிறைவாகச் செய்வன கருவண்டும் வேறு சில காட்டுத் தேனீக்களுமாம். இவை பூவைக் கால்களாற் பற்றி, சிறகுத் தசைகளை முரலச் செய்து மகரந்தத்தை உதிர்க்கும். பெட்டியில் வளர்க்கப்படும் தேனீ இவ்வாறு அதிர்க்க வல்லதன்று. ஆகவே, தேனீப் பெட்டி வைப்பதனால் மட்டும் கத்தரியின் தேவை நிறைவேறாது.

உதிரும் பூவெல்லாம் வண்டின்மையால் உதிர்வன அல்ல. சூலகத்தண்டு குறுகி, மகரந்தக் கூம்பினுள் மறைந்திருக்கும் பூக்கள் பெரும்பாலும் காய்ப்பதில்லை. தண்டின் நுனி கூம்புக்கு வெளியே நீண்டுள்ள பூக்களும் மிகுதியாக உதிரின், காலையில் சிறிது நேரம் தோட்டத்தில் நின்று வண்டுகளின் வரவைக் கவனித்தல் வேண்டும்.

ஆவரசின் இயல்பு

ஆவரை, ஆவாரை என்றும் வழங்கும் இச்செடி சிங்களத்தில் ரணவரா எனப்படும். இதனை 1753ஆம் ஆண்டில் லின்னேயசு என்பார் கசியா இனத்துள் வைத்துப் பெயரிட்டார். இன்று இது சென்னா இனத்துள் அடங்கும். இலையடியில் காது போன்ற அகன்ற செதில் இருப்பதே இதனை அறியும் அடையாளம். மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை முதலிய வறண்ட பகுதிகளில் இது தானாகவே வளரும். ஆடுமாடுகள் இதனை விரும்பித் தின்பதில்லை.

இதன் மஞ்சட் பூவிலும் தேன் இல்லை. மகரந்தம் மட்டுமே உண்டு. அதனையும் அதிர்த்தே பெறுதல் வேண்டும். ஆகவே, கத்தரிக்கு வேண்டிய வண்டுகளே இதனையும் நாடும். கத்தரி இல்லாத மாதங்களில் ஆவரசு அவற்றுக்கு உணவளிக்கும். வண்டுகளுக்குத் தேனும் வேண்டுமாதலால் முருங்கை, எருக்கலை என்பவற்றையும் அயலில் விட்டுவைத்தல் நன்று.

நடும் முறை

முற்றி உலர்ந்த காய்களிலிருந்து விதைகளை எடுத்தல் வேண்டும். விதையின் தோல் கடினமானது. கொதித்த நீரை அடுப்பினின்றும் இறக்கி விதைகள் மீது ஊற்றி, அந்நீரிலேயே ஓரிரவு ஊறவிட்டால் முளைப்பு ஒருசீராகும். ஐப்பசியில் மாரி மழை தொடங்கியதும், வேலியோரத்தில் 2 அடிக்கு ஒரு குழியாக, குழிக்கு 3 விதைகள் இட்டு, பின்னர் வலிய கன்று ஒன்றை மட்டும் நிறுத்துக. வேர்ப் போட்டியும் நிழலும் நேராதிருக்க, பயிர் வரிசைக்கும் ஆவரசுக்கும் இடையே 5 அடியேனும் இருத்தல் வேண்டும். முதற் கோடையில் இடையிடையே நீர் விடுக. வேரூன்றியபின் நீர் வேண்டியதில்லை. நீர் தேங்கும் நிலம் மட்டும் ஆகாது.

வெட்டும் முறையும் பிற பயன்களும்

வரிசை முழுவதையும் ஒரே முறையில் வெட்டலாகாது. ஒன்றுவிட்டொரு செடியாக வெட்டின் எப்பொழுதும் சில செடிகள் பூத்திருக்கும். வெட்டியவையும் மீண்டும் தழைக்கும். வெட்டிய தழையை நடுகைக்கு இரு கிழமைகளுக்கு முன் வயலில் உழுது புதைத்தால் நல்ல பசுந்தாட் பசளையாகும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் ஆவரசின் வேரில் நைதரசனைச் சேர்க்கும் முடிச்சுகள் காணப்படுவதில்லை. பயன் தழையிலேயே உளது. பூவை உலர்த்திக் குடிநீராக அருந்துவதும், பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்துவதும் பழைய வழக்கங்கள்.

காக்கவேண்டியவை

கருவண்டு காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும். கூரை மரத்துக்குத் தீங்கென்று பலர் அதனைக் கொல்வர். வேலியோரத்தில் உலர்ந்த முருங்கைக் கொம்புகள் சிலவற்றை விட்டுவைத்தால் அது அங்கே கூடமைக்கக்கூடும். ஆண் வண்டுக்குக் கொடுக்கு இல்லை. பெண் வண்டும் கையிற் பிடித்தாலன்றிக் கொட்டுவது அரிது.

காய்துளைப்பான் புழுவுக்கு மருந்து தெளிக்க நேரின், வண்டுகள் ஓய்ந்த மாலை வேளையிலேயே தெளித்தல் வேண்டும். பூத்திருக்கும் ஆவரசின் மீது மருந்து படலாகாது. புழுவைக் கொல்லத் தெளித்த மருந்து வண்டையும் கொன்றால், காத்த செடியிலும் காய் குறையும்.