ஏரிக்கு யார் உரம் போட்டது?

பாசி மண்டிய ஏரிக்கரையில் விடிகாலையில் நின்றால், ஜிலேபி மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கலாம். மூச்சு முட்டுகிறது அவற்றுக்கு. நல்ல நீரில் லிட்டருக்கு 7, 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். பகலில் பாசியே ஆக்சிஜனை விடும்; பொழுது சாய்ந்ததும் அதே பாசி அதை உறிஞ்சத் தொடங்கும். அடியில் அழுகலைத் தின்னும் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். விடிவதற்குள் அளவு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் செத்து மிதக்கலாம். யாரோ மருந்து கலந்துவிட்டதாக ஊர் பேசும். பெரும்பாலும் கலந்தது உரம்.

தர்மபுரிப் பக்கத்து இண்டூர் விவசாயிக்கு டிஏபி மூட்டையில் அச்சிட்ட 18-46 தெரியும்: தழைச்சத்து 18, மணிச்சத்து 46 சதவீதம். ஏரியைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி இந்த மணிச்சத்தில் உள்ள பாஸ்பரஸ். தழைச்சத்து குறைந்தால் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மணிச்சத்துக்கு அந்த வழி இல்லை. யாராவது கொண்டுவந்து கொட்ட வேண்டும்.

1973-இல் கனடாவின் ஒன்டாரியோவில், 226 என்று எண்ணிட்ட ஏரியின் நடுவே திரை கட்டினார் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர். ஒரு பாதியில் சர்க்கரையும் தழைச்சத்தும், மறு பாதியில் அவற்றோடு மணிச்சத்தும் போட்டார்கள். அந்தக் கோடையிலேயே மறு பாதி பச்சைக் குழம்பானது. மணிச்சத்து போடாத பாதி தெளிந்தே கிடந்தது.

நம் ஏரியில் கொட்டுவது சாக்கடை. ஒரு மனிதர் ஒரு நாளில் கழிப்பதில் ஒரு கிராமுக்குச் சற்று மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. 10,000 லிட்டர் நீரைப் பச்சையாக்க ஒரு கிராம் போதும். சோப்புத்தூள் தனிக் கணக்கு. தர்மபுரி டவுனின் ராமக்காள் ஏரியை ஆகாயத்தாமரை மூடியதற்கும் இந்தச் சாப்பாடுதான் காரணம். வாரிப் போட்டாலும், சாக்கடை நிற்காதவரை அது மறுபடி படரும்.

சாக்கடையை நிறுத்தினாலும் ஏரி உடனே தெளியாது என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமான செய்தி. பல வருஷத்து மணிச்சத்து அடிவண்டலில் இரும்போடு பிணைந்து கிடக்கிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தப் பிடி தளர்ந்து, மணிச்சத்து மறுபடி நீருக்குள் வந்துவிடும்.

கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் வெட்டி, மாட்டுவண்டியில் ஏற்றி வயலுக்கு அடித்த நம் பெரியவர்கள், அந்தச் சேமிப்பைத்தான் வருஷா வருஷம் காலி செய்தார்கள். வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம். மூட்டை உரம் வந்தபின் வண்டி நின்றது. 2024-இல் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தர அரசு வழி செய்தது. ஆனால் டவுன் சாக்கடை சேர்ந்த ஏரியென்றால், ஈயம், குரோமியம் போன்றவை இருக்கின்றனவா என்று சோதித்த பிறகே அந்த மண்ணை வயலில் கொட்ட வேண்டும்.