கை உயராத வகுப்பு

ஜப்பானிய நடுநிலைப் பள்ளியொன்றில் ஆங்கிலம் கற்பிக்க அயல்நாட்டிலிருந்து வந்து சேரும் இளைஞர், பிள்ளைகளை அடக்குவதுதான் பெரும்பாடாக இருக்கப்போகிறது என்று அஞ்சி வருவாரானால், முதல் வாரத்திலேயே அந்த அச்சம் நீங்கி வேறொரு சங்கடம் அவரைப் பற்றிக்கொள்ளும். மணி அடித்ததும் எழுந்து, ஒருசேரக் குனிந்து வணங்கி அமர்ந்துவிட்ட அந்த முப்பது நாற்பது பேரிடம், நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்பது போன்ற அற்பக் கேள்வியைக் கேட்டாலும் ஒரு கைகூட உயராது. ஒருவனைப் பெயர் சொல்லி எழுப்பினாலோ, பக்கத்திலிருப்பவனிடம் குனிந்து இரகசியமாகக் கலந்து பேசி, விடையைச் சரிபார்த்துக்கொண்ட பிறகே வாய் திறப்பான். இதை மந்தபுத்தி என்று கருதுவது அநியாயம். பலர் முன்னிலையில் பிழை செய்வதை வெட்கமாகவும், தெரிந்ததை முந்திக்கொண்டு சொல்வதை அகம்பாவமாகவும் எண்ணிப் பழகிய பிள்ளைகள் அவர்கள். முதலில் இருவர் இருவராகப் பேசவிட்டுப் பிறகு கேட்டால் அதே வகுப்பு கலகலத்துவிடும் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும்.

1987-இல் நான்கு நாடுகளிலிருந்து இத்தகைய இளைஞர் 848 பேரை வரவழைத்து ஜப்பான் அரசாங்கம் தொடங்கிய ஜெட் திட்டத்தின்கீழ் இன்று 5,000-க்கும் மேற்பட்டோர் அங்கே பணிபுரிகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் துணை ஆசிரியர்களே. ஏதேனும் ஒரு பட்டம் பெற்றிருந்தால் போதும், ஆசிரியப் பயிற்சி அவசியமில்லை. பாடநூல், பரீட்சை, மதிப்பெண் ஆகிய பொறுப்புகளெல்லாம் உடன் நிற்கும் ஜப்பானிய ஆசிரியருடையவை. அவரோ மாலை விளையாட்டுக் குழுவின் மேற்பார்வை வரை சுமப்பவராகையால், இருவரும் கூடிப் பாடத்தைத் திட்டமிடுவது பல நாள் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே நிகழ்கிறது. அதற்கும் அவகாசமில்லாத நாளில் துணை ஆசிரியர் பாடத்தை உரக்க வாசிக்க, வகுப்பு திருப்பிச் சொல்லும். ‘மனித டேப் ரிக்கார்டர்’ என்று இந்த ஆசிரியர்கள் தம்மையே பரிகசித்துக்கொள்வது இதனால்தான்.

உச்சரிப்பும் ஒரு தடைதான். ஜப்பானியம் மெய்யெழுத்தை உயிரின்றி அடுக்காத பாஷையாதலால், ‘ஸ்ட்ரைக்’ என்பது அங்கே ‘சு-டொ-ர-இ-கு’ என ஐந்து தாளமாக விரிகிறது. மாணவர்களும் பாடநூலின் ஆங்கிலச் சொற்களின் தலைமேல் கத்தகானா என்னும் ஜப்பானிய எழுத்துக்களைப் பென்சிலால் எழுதி, அவற்றையே வாசிக்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது நுழைவுப் பரீட்சை. கல்வி இலாகாவின் மொழி ஆலோசகராக 1922-இல் ஜப்பான் சென்ற ஹரால்ட் பாமர் பேச்சுவழிக் கல்வியைப் பரப்பப் பல்லாண்டு உழைத்தார். ஆயினும் பல்கலைக்கழகங்களுக்கான தேசிய நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடையளிக்கும் பகுதி சேர்ந்தது 2006-இல்தான். பேச்சுத் திறனையும் சோதிக்கும் திட்டமோ 2019-இல் ஒத்திவைக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. கேட்கப்படாத ஒன்றுக்கு மாணவன் ஏன் மெனக்கெட வேண்டும்?

கோடை விடுமுறையில் வந்திறங்கும் துணை ஆசிரியருக்கு, சக ஆசிரியரின் போக்கு பிடிபட்டு இருவரும் ஒத்துப்போகத் தொடங்கும்போது ஏப்ரல் பிறந்துவிடும். அந்த மாதம்தான் ஜப்பானிய ஆசிரியர்களுக்கு இடமாற்றல் காலம்.