பூனைக்குட்டிக்குத் தடிமன்

பூனைக்குட்டி ஓயாமல் தும்முவதும், மூக்கில் சளி கட்டுவதும், கண்ணில் பீளை தள்ளுவதும் பெரும்பாலும் மேல் சுவாசப் பாதைத் தொற்றின் அடையாளங்கள். இதை உண்டாக்குபவற்றில் முதன்மையானவை இரண்டு வைரஸ்கள். ஒன்று பூனை ஹெர்பிஸ், மற்றது பூனை கலிசி. கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா போன்ற பக்டீரியாக்கள் தனித்தும் வரும், வைரஸின் பின்னாலும் வரும். ஹெர்பிஸ் கண்ணைக் கூடுதலாகத் தாக்கும். கலிசியில் நாக்கில் புண் வந்து எச்சில் ஒழுகும், சில குட்டிகள் ஓரிரு நாள் நொண்டவும் செய்யும்.

மாரி மழையில் நனைந்ததால்தான் குட்டிக்குத் தடிமன் பிடித்தது என்று சொல்வது வழக்கம். மழை குட்டியைத் தளர்த்தும், ஆனால் நோயைக் கொண்டுவருவது இன்னொரு பூனை. கிழக்கிலங்கையில் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வீடுகள் மதிலோடு மதில் ஒட்டியிருக்கும் கரையோர ஊர்களில், மீன் சந்தையைச் சுற்றித் திரியும் பூனை அன்றைக்கே பத்து வளவுக்குள் புகுந்து வரும். தும்மல் துளி, பொதுச் சாப்பாட்டுத் தட்டு, தடவிக் கொடுத்த மனிதரின் கை, எல்லாமே நோயைக் கடத்தும்.

நோய் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் தணியும். அந்த நாட்களைத் தாண்ட விடாமல் பல குட்டிகளைச் சாகடிப்பது பட்டினி. பூனை மணம் பிடித்துத்தான் சாப்பிடும். மூக்கு அடைத்தால் முன்னால் வைத்த மீனும் அதற்கு உணவாகத் தெரியாது. குட்டியின் உடம்பில் சேமிப்பு எதுவும் இல்லாததால், ஒரு நாள் சாப்பிடாமலும் குடிக்காமலும் கிடந்தாலே நீர் வற்றித் துவண்டுவிடும். ஆகவே பராமரிப்பு என்பது முதலில் மூக்கைத் திறந்து வைப்பதுதான்.

வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சை மூக்கின் மேல் அரை நிமிடம் ஒற்றி வைத்தால் காய்ந்த பொருக்கு ஊறிவிடும், பிறகு மெதுவாகத் துடைக்கலாம். உலர்ந்ததைப் பிய்த்தால் தோல் கிழியும். கண்ணுக்கு வேறு பஞ்சு, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக. குளியலறைக் கதவைச் சாத்தி ஒரு வாளி சுடுநீரை மூடாமல் வைத்து, குட்டியை மடியில் வைத்தபடி பத்து நிமிடம் இருந்தால் சளி இளகும். மனிதருக்குப் போல துணியால் மூடி ஆவி பிடிக்க வைக்கக் கூடாது.

அடுத்தது சாப்பாடு. சூரை அல்லது சாளையை உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் அவித்து, முள் எடுத்து, அவித்த நீரோடு மசித்து, இளஞ்சூட்டில் விரல் நுனியில் எடுத்து உதட்டில் தடவ வேண்டும். சூடு மணத்தைக் கிளப்பும். முதல் நக்கலுக்குப் பிறகு பல குட்டிகள் தட்டைத் தேடும். வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை, கறியில் ஊறிய மீனும் ஆகாது. நான்கு வாரத்துக்குட்பட்ட குட்டிக்குத் தாய்ப்பால், அது இல்லையேல் பூனைக்குட்டிக்கான பால்மா. வீட்டுப் பால்மா வயிற்றோட்டத்தைத் தரும். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் கொடுக்க முன் அதைச் சூடாக்குவது அவசியம். சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் போதும்.

இனி, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகள். இவற்றில் மிகக் கொடியது பனடோல். ஒரு குளிசையில் 500 மில்லிகிராம் பரசிட்டமோல் இருக்கிறது. அரைக் கிலோ எடைக் குட்டிக்கு அதில் கால்வாசியே எமன். பரசிட்டமோலைச் செயலிழக்கச் செய்யும் நொதியம் பூனையின் ஈரலில் மிகக் குறைவு. நச்சு இரத்தத்தில் சேர்ந்து, ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும். முரசு நீலமாகவோ மண்ணிறமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், சிறுநீர் கறுக்கும். குழந்தைகளின் பாணி மருந்திலும் இருப்பது அதே நஞ்சு. தெரியாமல் கொடுத்திருந்தால் ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து உண்டு, ஆனால் நேரம் மணிக்கணக்கில்தான். கற்பூரமும் மெந்தோலும் உள்ள தைலங்கள், மனிதருக்கான மூக்கடைப்புச் சொட்டு மருந்து, டெட்டோல் ஆகியனவும் பூனைக்கு நஞ்சே. கருஞ்சீரக எண்ணெய் ஆனாலும் மூக்கில் விட்டால் நுரையீரலுக்குள் இறங்கிவிடக் கூடும். சாம்பிராணிப் புகையும் நுளம்புத்திரியும் குட்டி இருக்கும் அறையில் வேண்டாம்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அன்றைக்கே, அந்த மணிக்கே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமை, கண் திறக்க முடியாமை, பச்சையாகவோ மஞ்சளாகவோ தடித்த சளி ஆகியவற்றுக்கும் தாமதம் கூடாது. வைரஸை அன்டிபயோட்டிக் கொல்லாது. பின்னால் சேரும் பக்டீரியாவுக்காகவே வைத்தியர் அதைக் கொடுக்கிறார், ஆகவே மிச்ச மருந்தையோ பாமசியில் விசாரித்து வாங்கியதையோ கொடுப்பது பயனற்றது, ஆபத்தும்கூட. அரச மிருக வைத்திய அலுவலகங்கள் மாகாணக் கால்நடைத் திணைக்களத்தின் கீழ் இயங்குபவை. மாடு, ஆடு, கோழிதான் அவற்றின் அன்றாட வேலை என்பதால் போக முன் அழைத்துக் கேட்பது நல்லது. மிருக வைத்தியம் செய்பவர் 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவைக் கேட்பதும், மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குவதும் வளர்ப்பவரின் நியாயமான உரிமை.

குட்டிக்கும் சட்டம் உண்டு. 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி வீட்டு விலங்கைக் கொடுமைப்படுத்துவது குற்றம், பொலிஸில் முறையிடலாம். அதில் எழுதப்பட்ட தண்டப்பணம் நூறு ரூபா என்பது வெட்கப்பட வேண்டிய விடயம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் கேட்டு வளர்ந்த ஊர்களில், தும்மும் குட்டியைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுவரும் வழக்கம் இன்னும் ஓயவில்லை.

அப்படி விட்டுவரக் காரணம் பயம். அது பெரும்பாலும் ஆதாரமற்றது. பூனையின் ஹெர்பிஸும் கலிசியும் மனிதருக்குத் தொற்றாது. கர்ப்பிணிகள் அஞ்ச வேண்டியது தும்மலை அல்ல, பூனையின் மலத்தை. அதை வேறொருவர் அகற்றினால் போதும். இழுப்பு உள்ளவருக்குப் பூனை ஒவ்வாமை இருக்கலாம், அதற்கு முக்கிய மூலம் எச்சிலில் உள்ள புரதம். குட்டி கடித்தாலோ கீறினாலோ மட்டும் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாட்டில் விசர்நோய் இன்னும் இருக்கிறது.

வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் நோய்க்குட்டிக்குத் தனி அறை, தனித் தட்டு, குறைந்தது இரண்டு வாரம். ஹெர்பிஸ் வெளியில் ஒரு நாளுக்குள் செத்துவிடும், கலிசி வாரக்கணக்கில் நிற்கும். ஒரு பங்கு ப்ளீச்சை 32 பங்கு தண்ணீரில் கலந்து தரையையும் தட்டையும் துடைத்து, பிறகு நன்றாகக் கழுவிக் காய விட வேண்டும். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடப்படும். அது தொற்றை முழுதாக மறிக்காது, நோயின் கடுமையைக் குறைக்கும்.

ஹெர்பிஸ் கண்ட பூனையின் நரம்பில் வைரஸ் ஆயுளுக்கும் உறங்கும். வீடு மாறிய பின், பெருநாள் கூட்டத்துக்குப் பின், குட்டி ஈன்ற பின் சில நாட்களில் பழைய தும்மல் திரும்பலாம். அப்போதும் இதே பஞ்சும் இளஞ்சூட்டு மீனும்தான். ஈன்ற தாய் தும்மினால் அதோடு இருக்கும் குட்டிகளுக்கும் நோய் தொற்றலாம் என்பதால், அவற்றை நாள்தோறும் நிறுத்துப் பார்க்க வேண்டும். முதல் வாரங்களில் நாளுக்குப் பத்துக் கிராம் அளவுக்கு எடை ஏறாவிட்டால் குட்டிக்குப் போதிய பால் சேரவில்லை என்று கொள்ளலாம்.