நீச்சலும் மூச்சும்

புறநானூற்றின் 243ஆம் பாட்டிலே தொடித்தலை விழுத்தண்டினார், மருதக்கிளையினின்றும் மடுவிற் பாய்ந்து அடிமணலை அள்ளிவந்த இளமையை நினைந்து இரங்குகிறார். பதுளை ஓயாவுக்கு ஒரு மாணவனைப் பறிகொடுத்த வகுப்பிலே அப்பாட்டைக் கற்பிப்பது எளிதன்று. தோட்டத்துப் பிள்ளைகளுள் நீந்தத் தெரிந்தவர் சிலரே.

யான் ஐம்பதாம் வயதிலே நீந்தக் கற்றவன். கைவீச்சிலே தொடங்கி நிரம்ப நீர் குடித்தேன்! மூச்சன்றோ முதற்பாடம்? முக்குளிப்போன் மூச்சை அடக்குவான். நீந்துவோனோ நீருக்குள்ளே அதனை விடுதல் வேண்டும். ஓட்டமில்லாத இடுப்பளவு நீரில், பெரியோர் அருகிருக்க, முகம் அமிழ்த்திக் குமிழி எழ ஊதிப் பழகுக. மூச்சிழுக்கத் தலையை நிமிர்த்தினால் கால்கள் தாழும். முகத்தைப் பக்கவாட்டிலே திருப்புக. கைவீச்சு பின்னர்.

சென்ற வாரம் ஒரு சிறுவன் எழுந்து, “அந்தக் கிழவருக்கு நீச்சல் கற்பித்தவர் யார், ஐயா?” என்று வினவினான்.