தோட்டத்து நிலமும் ஊராட்சி மன்றத்து வரைபடமும்

நாம் குடியிருக்கும் தோட்டம் நாளை வீடமைப்புப் பகுதியாக மாறுமா? இதைத் துரையிடம் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஊராட்சி மன்றத்தின் வரைபடத்தையும் பாருங்கள்.

1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் விவசாயம், கட்டடம், தொழில் என நிலப் பயனை மூன்றாக வகுக்கிறது. ரப்பரும் செம்பனையும் நிற்கும் நிலம் பெரும்பாலும் விவசாய நிலமே. அதில் வீடுகள் கட்டி விற்க வேண்டுமானால், முதலில் மாநில அரசு அந்த வகையை மாற்றித் தரவேண்டும்.

அது மட்டும் போதாது. தீபகற்ப மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் 'கெபெனாரான் மெரஞ்சாங்' என்ற திட்ட அனுமதியும் வேண்டும். அதைப் பெறாமல் வேலையைத் தொடங்குவோருக்கு 500,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

மன்றமும் நினைத்தபடி அனுமதி கொடுத்துவிட முடியாது. எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே பள்ளி, எங்கே திடல் என்று குறிப்பதே 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' எனும் உள்ளூர்த் திட்டம். அதற்கு மாறான விண்ணப்பத்துக்கு மன்றம் அனுமதி தரக்கூடாது.

வாசகர்களே, இனி நமக்குரிய விஷயத்துக்கு வருவோம். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மன்றம் கடிதம் அனுப்பும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். ஆனால், மூன்று தலைமுறையாகப் பால்வெட்டிய குடும்பமானாலும் பட்டாவில் பெயர் இல்லையென்றால் அந்தக் கடிதம் வராது. உள்ளூர்த் திட்டத்தின் நகலோ அப்படியல்ல. அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, நிலம் உள்ளவர், இல்லாதவர் யாரும் கருத்துச் சொல்லலாம். அதற்குக் குறைந்தது 4 வாரம் அவகாசம் உண்டு.

அறிவிப்பு வந்ததும் நாலு பேராகச் சேர்ந்து மன்றத்துக்குப் போங்கள். வரைபடத்தில் உங்கள் தோட்டத்தைத் தேடுங்கள். கோயில், தமிழ்ப்பள்ளி, மயானம் இவையெல்லாம் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் எழுத்து மூலம் தெரிவியுங்கள். விசாரணையில் நேரில் பேச விரும்புவதாகவும் அதில் குறிப்பிடுங்கள். மன்றத்தின் முத்திரை பெற்ற பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒன்றை மறக்கவேண்டாம். வரைபடத்தில் கோயில் என்று குறித்துவிட்டால் நிலம் கோயிலுக்குச் சொந்தமாகிவிடாது. பட்டா வேறு, திட்டம் வேறு. ஆனாலும், திட்டத்தில் இடம்பெற்ற கோயிலுக்காகப் பேசுவது எளிது. மண்வாரி இயந்திரம் வாசலுக்கு வந்தபின் போராடுவதைவிட, அந்த 4 வாரத்தில் எழுதும் ஒரு கடிதத்துக்குப் பலம் அதிகம்.